ஜோடியாகத்தான் வாங்க வேண்டும்

முதல் பொம்மை வாங்குகிறவர்கள் எல்லோரும் பெரிய கண்ணாகத்தான் தேர்ந்தெடுப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பெட்டியில் பார்க்கும்போது அழகாக இருக்கும். முகத்துக்குள் பொருத்தினால் வெள்ளைவிழியே தெரியாது. எதையோ கண்டு அரண்டுபோன மாதிரி முழிக்கும். ஒரு அளவு சின்னதாக வாங்கினால் பார்வை அடங்கி வரும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு தடவை தப்பாக வாங்கிவிட்டுத் தெரிந்துகொண்டேன்.

மேஜைமேல் நீங்கள் வைத்திருப்பது என் பொம்மைதான் மேடம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உங்கள் ஏட்டம்மா அதன் தலையைத் தொட்டதும் முடி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அவர் பதறிப் போனார். பதற ஒன்றுமில்லை. விக் அப்படித்தான் வரும். கீழே ஒரு மெல்லிய சிலிகான் தொப்பி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வழுக்கும், கறுப்புச் சாயமும் தலையில் இறங்கிவிடும். தொப்பி எங்கள் வீட்டு அலமாரியில், இரண்டாவது தட்டில் இருக்கிறது.

நிதானமாக, முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

என் பெயர் நீலாயதாட்சி. வயது நாற்பத்தொன்று. கானாடுகாத்தானில் எங்கள் வீடு. வீடு பெரிது, பங்காளிகள் ஆளுக்கொரு அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். பின்கட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பச்சி என்று நாங்கள் கூப்பிடுகிற அப்பா, நான், தங்கச்சி சிவரஞ்சனி. எங்களைப் பெற்ற ஆத்தா இறந்தபோது சிவாவுக்கு நான்கு வயது, எனக்குப் பத்தொன்பது. அதற்கப்புறம் எனக்கு வந்த வரனையெல்லாம் அப்பச்சி, "சின்னவளை யார் பாக்குறது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். அது நியாயமான கேள்விதான். காலையில் அவளுக்குத் தலை பின்னி விடுவேன், மதியம் சோறு ஊட்டுவேன். வேலைக்குப் போகிற வயது வந்த பிறகும் பின்னி விட்டேன். கம்ப்யூட்டரில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள், பின்னலைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. எனக்குத்தான் அது பழகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் அக்காளை ஆச்சி என்று கூப்பிடுவோம். அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஆனால் சின்ன வயதில் வெளியாட்கள் அவளை என் மகள் என்று நினைத்தால் நாங்கள் இரண்டு பேரும் திருத்தியதில்லை.

மெய்யநாதன் வரன் வந்தது போன தை மாதம். ஆஸ்திரேலியாவில் வேலை. நல்ல குடும்பம், அமைதியான பையன். பேசி முடித்தார்கள். அந்த வாரமே சிவா இந்தப் பொம்மையை எனக்காக ஆர்டர் செய்தாள். கை, கால், கழுத்து, இடுப்பு என்று ஒவ்வொரு மூட்டிலும் உருண்டை வைத்து, உள்ளே எலாஸ்டிக் கோத்த பொம்மை. உட்கார வைத்தால் உட்காரும், கையைத் தூக்கி விட்டால் அப்படியே நிற்கும்.

"நான் போயிட்டா உங்களுக்குப் பொழுது போகணும்ல ஆச்சி," என்றாள். "இதுக்குச் சட்டை தைங்க, தலை சீவுங்க. நெட்டுல ஆயிரம் பேர் இதே வேலையா இருக்காக."

பெட்டியைத் திறந்தபோது அவள்தான் பயந்தாள். இந்த வகைப் பொம்மை மொட்டைத் தலையாகத்தான் வரும். கண் இருக்கிற இடத்தில் இரண்டு ஓட்டை இருக்கும். கண்ணும் முடியும் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சிவா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மூடி வைங்க ஆச்சி, என்னமோ மாதிரி இருக்கு," என்றாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இனிமேல்தானே ஆளாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணை உள்பக்கமிருந்துதான் வைக்க வேண்டும். மண்டை மேல்பாதி தனியாகக் கழன்று வரும். கொழுக்கட்டை மாவு மாதிரி பிசைகிற ஒரு பசையை உள்ளே ஒட்டி, அதில் கண்ணை அழுத்த வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போனாலும் மாறுகண் ஆகிவிடும். கண்ணாடிக் கண், பிளாஸ்டிக் கண், கையால் வார்க்கிற ரெசின் கண் என்று பல வகை உண்டு. எந்த வகை வாங்கினாலும் ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. கண்ணை ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒன்று உடைந்தால் இன்னொன்றை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கக்கூடாது. வேறு நாளில் கலக்கிய நிறம் என்ன செய்தாலும் சேராது. நான் அப்படி ஒன்றைத் தனியாக வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

எனக்குச் சிவாவின் கண் வேண்டும் என்று தோன்றியது. சும்மா பார்த்தால் அவளுக்கு எல்லோரையும் போலக் கறுத்த கண்தான். வளவில், நடுமுற்றத்தில், வெயில் விழுகிற இடத்தில் நிற்க வைத்துப் பார்த்தால் உள்ளே தேன் நிறம் தெரியும், ஓரத்தில் ஒரு கறுப்பு வளையம். காலையில் அவளை அங்கே உட்கார வைத்து, வாங்கிய கண்களை ஒவ்வொன்றாகக் கன்னத்தோடு வைத்து ஒத்துப் பார்ப்பேன். அவள் சிரித்துவிடுவாள். சிரித்தால் கண் சுருங்கிவிடும், நிறம் தெரியாது. அசையாமல் இரு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் தெரியுமா? விக்கிலும் இதே கதை. கடையில் வருவது நைலான் மாதிரி பளபளக்கும். அவள் முடியின் கனம் அதில் இல்லை.

பேசி முடித்த பிறகு போட்டோ எடுத்தார்கள். போட்டோக்காரர் சொன்னார் என்று சிவா சாம்பல் நிற லென்ஸ் வாங்கிக் கண்ணில் போட்டுக்கொண்டாள். எனக்குப் பிடிக்கவில்லை. அவள் முகத்தில் வேறு யாரோ இருந்து பார்ப்பது மாதிரி இருந்தது. அன்று முழுக்க நின்ற களைப்பில் லென்ஸைக் கழற்றாமலே தூங்கிவிட்டாள். தூங்கும்போது கழற்ற வேண்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது; நான் படித்திருந்தேன். எழுப்ப மனசு வரவில்லை. இது குற்றமா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதுகிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் இடது கண் சிவந்து நீர் கொட்டியது. காரைக்குடியில் டாக்டரிடம் காட்டினோம். கருவிழியில் புண் என்றார். மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விடச் சொன்னார். வலது கண்ணிலும் லென்ஸ் இருந்ததால் அதற்கும் முன்னெச்சரிக்கையாக அவ்வப்போது விடச் சொன்னார். நான்தான் விட்டேன். போனில் அலாரம் வைத்துக்கொண்டு விட்டேன். மூன்றாம் நாள் சிவப்பு குறைந்தது. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

அன்று மதியம் அவள் மெய்யநாதனோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். "சரியாயிருச்சு. டிக்கெட்டை மாத்தாதீக. சொன்ன தேதிக்கே போயிரலாம்," என்றாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். அப்போது எனக்கு ஒரு பயம் வந்தது. கோபம் இல்லை மேடம், பயம்தான். காலையில் எழுந்து நான் யாருக்குத் தலை பின்னுவது? மருந்துப் பாட்டில் கையில் இருந்தது. மருந்தைக் கீழே கொட்டிவிட்டு, மாடித் தொட்டியிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரை அதில் பிடித்தேன்.

தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில்தான் நாங்கள் வாய் கொப்பளிக்கிறோம். இதை விஷம் என்று யாரும் சொல்ல முடியாது.

அலாரம் அடித்த ஒவ்வொரு தடவையும் போய் விட்டேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

வலி கூடியது. அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அப்பச்சி கலங்கிப்போய், "மதுரைக்குக் கூட்டிப் போயிருவமா நீலா?" என்றார். எங்கள் வீட்டில் கண்ணில் தூசி விழுந்தால்கூட நாட்டரசன்கோட்டை அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துவதாக வேண்டிக்கொள்வோம். அந்த அம்மனை நாங்கள் எல்லோரும் கண்ணாத்தா என்றுதான் சொல்வோம். கோயிலில் தங்கித் தீர்த்தம் வாங்கிக் கண்ணில் விட்டுக்கொண்டவர்கள் எங்கள் சொந்தத்திலேயே நிறைய. "ஆத்தா இருந்தா மொதல்ல கண்ணாத்தாகிட்டத்தான் கொண்டு போயிருப்பாக. நான் அவ முடியை இறக்குறதா வேண்டியிருக்கேன்," என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் வேண்டிக்கொண்டேன். அப்பச்சி ஆத்தாவின் பெயரைச் சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டார்.

கண்மலரும் ஜோடியாகத்தான் விற்கிறார்கள். வெள்ளித் தகட்டில் இரண்டு கண்.

கோயிலில் குருக்கள் சிவாவின் கண்ணை ஒரு தடவைதான் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வேண்டுதல் வேண்டுதலா இருக்கட்டும்மா. பொண்ணை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போங்கோ. அம்பாள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா," என்றார். நல்ல மனுஷர். அப்பச்சியும் சிவாவும் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அங்கே போய், "மூணு நாள் தங்கித் தீர்த்தம் விடச் சொல்றாக," என்றேன்.

முடி விஷயத்திலும் அப்பச்சி தயங்கினார். "கல்யாணப் பொண்ணு. பூமுடி குடுத்தாப் போதாதா?" என்று கேட்டார். நெற்றிப்பக்கம் நாலு முடி வெட்டிக் காணிக்கை போடுவதைத்தான் பூமுடி என்போம். போதும் என்று நான் சொல்லியிருந்தால் போதும்தான். "வேண்டுனது முழு முடிக்கு," என்றேன். சிவா மறுக்கவில்லை. வலியில் அவள் எதையும் கொடுக்கத் தயாராக இருந்தாள். "எடுத்துக்கங்க ஆச்சி, கண்ணு வந்தாப் போதும்," என்றாள்.

கடைசித் தடவையாக நன்றாக இறுக்கிப் பின்னி விட்டேன். சிக்கு விழாமல் இருக்கும் என்று சொல்லி, முடி இறக்குகிறவர் வருவதற்கு முன்னால் நானே பின்னலை அடியோடு வெட்டினேன். பாதியைக் காணிக்கையில் சேர்த்தேன். பாதியை என் பையில் வைத்துக்கொண்டேன். அம்மனுக்கு நேர்ந்ததை வீட்டுக்கு எடுத்து வரக்கூடாது, எனக்குத் தெரியும். இதுவரை என் மனசை உறுத்துவது அது ஒன்றுதான்.

மொட்டையடித்து, சந்தனம் பூசி, ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டி, அவளைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பெட்டியிலிருந்து எடுத்த அன்று பொம்மை எப்படி இருந்ததோ அப்படி இருந்தாள். எனக்கு அப்போதும் பயமாக இல்லை.

அப்புறம் மதுரைக்குப் போனோம். இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். பெரிய டாக்டர் ஒரு அம்மா. "மருந்து ஒழுங்கா விட்டீங்களா?" என்று கேட்டார். "அலாரம் வச்சு விட்டேன்," என்றேன். அப்பச்சியும் ஆமாம் ஆமாம் என்றார். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் எதுவும் கண்ணில் படக்கூடாது, அதில் கிருமி இருக்கும், லென்ஸ் போட்ட கண்ணுக்கு அது எமன் என்று அந்த அம்மா எங்களுக்கு விளக்கிச் சொன்னார். ஆகவே அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாதம் நன்றாக இருந்தது. மேடம், அந்த மாதம் நான் நிம்மதியாக இருந்தேன். சிவா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கொல்லைக்குப் போவாள். படி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்பாள். ஊட்டினால் சாப்பிட்டாள். வேலையை விட்டுவிட்டாள். மத்தியானங்களில் அவள் படுத்திருப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முடியை இழை இழையாகப் பிரித்துப் பொம்மைக்கு விக் தைப்பேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். நைலான் முடி என்றேன். தொட்டுப் பார்க்கவில்லை.

ஆரம்பத்தில் செய்கிற தப்பு இன்னொன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மனுஷ முடி பொம்மைக்கு ஆகாது. கனம் தாங்காமல் தலை பின்னால் சாய்ந்துகொள்ளும். பாருங்கள், இப்போதும் சாய்ந்துதான் இருக்கிறது. கழுத்து எலாஸ்டிக்கை இறுக்கினால் கொஞ்சம் நிற்கும்.

அப்புறம் மெய்யநாதன் வந்தான். வர மாட்டான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவன் வீட்டாரும் அப்படித்தான் ஜாடையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். விமானத்தில் வந்து இறங்கி, நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். சிவா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவன் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"அப்பச்சி, தேதியை மட்டும் தள்ளி வைங்க, வேற எதையும் மாத்த வேணாம்," என்றான். அப்புறம் அவளிடம், "ஒரு கண்ணு போதும் சிவா. என்னை அடையாளம் தெரியுதுல்ல?" என்றான்.

அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு. இத்தனை நாள் ஊட்டி, குளிப்பாட்டி, கட்டு மாற்றிய எனக்கு அவள் ஒரு தடவை சிரித்ததில்லை. நான் காபி போட உள்ளே போனேன். திரும்பி வரும்போது அவளே எழுந்து வந்து தட்டை வாங்கினாள். படியில் தடுமாறவில்லை. ஒரு கண்ணாலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்தது. அதுவரை எனக்காகத்தான் கையைப் பிடித்தாளோ என்னவோ.

வலது கண்ணைப் பாதுகாக்க மதுரையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். அவன் வந்த அன்று மாலையே அதையும் மாற்றினேன்.

இடது கண்ணுக்குச் செயற்கைக் கண் வைக்கலாம் என்றார்கள். மதுரையில் முத்தரசு என்று ஒருவர் செய்கிறார். நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்துத் தூரிகையால் நிறம் தீட்டுவார். சிவாவை வெளிச்சத்தில் உட்கார வைத்து அவர் வேலை செய்ததைப் பார்த்தபோது எனக்குக் கை பரபரத்தது. அதே தேன் நிறம், அதே வளையம். எத்தனை கடையில் தேடியும் கிடைக்காத கண். அளவெடுக்கும்போது அவள் அசையாமல் இருந்தாள். இரண்டாம் தடவை நான் மட்டும் போயிருந்தேன். பொம்மையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது, வெகுநேரம் பேசினோம். கிளம்பும்போது, "ரெண்டாச் செஞ்சிருங்க," என்றேன்.

"எதுக்கும்மா ரெண்டு? ஒண்ணு கைதவறி உடைஞ்சா வேணும்னா?"

"இல்ல. இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு."

அவர் சிரித்தார். "வலது கண்ணுதான் நல்லாருக்கே."

"இப்ப நல்லாத்தான் இருக்கு," என்றேன். "பிறகு வந்து கேட்டா அதே நிறம் சேராதுல்ல?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அது அப்போது புரியவில்லை. கண் வேலை செய்கிறவருக்கு இது தெரியாதா என்றுதான் நினைத்தேன். நான் பஸ் ஏறுவதற்குள் அவர் சிவாவுக்குப் போன் செய்துவிட்டார் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

நான் வீட்டுக்குள் வந்தபோது சிவா வழக்கம்போல வளவில் உட்கார்ந்திருந்தாள். அலாரம் அடித்தது. பாட்டிலை எடுக்கப் போனேன். அலமாரியில் அது இல்லை. அவள் கைக்குள் இருந்தது.

"மருந்தை இனிமே நானே விட்டுக்கிறேன் ஆச்சி," என்றாள்.

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, அழவில்லை. மிச்சம் இருந்த ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே இரண்டு எட்டு வைத்தேன். அவள் எழுந்து அப்பச்சியின் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் எனக்கெதிராக ஒரு கதவும் அடைபட்டதில்லை. அன்றுதான் எனக்கு மனசு வலித்தது.

சிவா உங்களிடம் கொடுத்த பாட்டிலில் தண்ணீர் இருந்தது என்று உங்களுக்கு அறிக்கை வந்திருக்கும். சரிதான். நான்தான் நிரப்பினேன். முதல் பாட்டிலையும் நான்தான் நிரப்பினேன். குருக்கள் சொன்னதை மறைத்ததும் நான்தான். அப்பச்சிக்கு எதுவும் தெரியாது, அவரைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். மாத்திரை போட்டுக்கொள்ள மறந்துவிடுவார், எடுத்துக் கொடுக்கவும் இப்போது ஆளில்லை.

முத்தரசு இரண்டாவது கண்ணைச் செய்யவில்லையாமே. ஒன்றை மட்டும் கொடுத்தார், அதை அவள் வைத்துக்கொண்டாள் என்று ஏட்டம்மா சொன்னார். பொருந்தியிருக்கிறதாம், எது பொய்க்கண் என்றே தெரியவில்லையாம். தெரியாதுதான். நிறம் அவ்வளவு சரியாக இருந்தது. ஆனால் அவள் வயது ஏற ஏற நிஜக்கண் மங்கும், இது மங்காது. அப்போது இரண்டும் சேராது. அதை அவளிடம் யாராவது சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். இடது கண்ணை மட்டும் ஏன் கெடுத்தாய் என்று. அது சரியில்லை மேடம், அதை மட்டும் திருத்தி எழுதுங்கள். முதல் நாளிலிருந்து நான் இரண்டு கண்ணிலும் விட்டேன். அதே பாட்டில், அதே தண்ணீர். ஒன்று கெட்டது, ஒன்று கெடவில்லை. அது என் கையில் இல்லை. அவளைத் தாய் மாதிரி வளர்த்தவள் நான், அவள் கண்ணில் ஒன்றுக்கு ஒரு மாதிரி, இன்னொன்றுக்கு ஒரு மாதிரி செய்வேனா?